ரெப்ளிகேஷன் லாக் கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூல சர்வரில் உள்ள ஒரு தரவுத்தளத்தில் நிகழும் மாற்றங்களை, அதன் நகலை வைத்திருக்கும் பிரதி சர்வருக்குக் கொண்டுசேர்க்கும் ரெப்ளிகேஷன் அமைப்பில் இரண்டு வகை லாக் கோப்புகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசையில் தாங்கியிருக்கும் பரிவர்த்தனை லாக். மற்றொன்று, மென்பொருள் தன் இயக்கத்தையும் தனக்கு நேர்ந்த பிழைகளையும் குறித்துவைக்கும் பிழைக்குறிப்பு லாக். பின்னதை அழித்தால் பழைய செய்திகள் போகும், அவ்வளவுதான்; முன்னதை அழித்தால் தரவே போகலாம். இரண்டையும் 'லாக்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் விளைந்த சேதம் கொஞ்சமல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பிஜி_எக்ஸ்லாக் என்றிருந்த கோப்புறையை, வேண்டாத லாக் என்று நினைத்து நிர்வாகிகள் அழித்துவந்த காரணத்தால், 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் அதன் பெயரையே பிஜி_வால் என்று மாற்றினார்கள்.

ஆகவே முதல் தவறு, வட்டு நிரம்பும்போது பரிவர்த்தனை லாக் கோப்புகளைக் கையால் அழிப்பது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், பைனரி லாக் எனப்படும் தன் மாற்றப் பதிவுக் கோப்புகளின் பட்டியலைத் தனியே ஓர் இன்டெக்ஸ் கோப்பில் வைத்திருக்கிறது. கோப்பை மட்டும் நீக்கினால் பட்டியலும் நிலவரமும் முரண்படும். பழைய லாக்கைப் பட்டியலோடு சேர்த்து நீக்குவதற்கென உள்ள பர்ஜ் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். அதையும், எல்லாப் பிரதி சர்வர்களும் எந்தக் கோப்பு வரை படித்திருக்கின்றன என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பழைய கோப்புகளை நள்ளிரவில் சுருக்கியோ இடம்மாற்றியோ வைக்கும் ஸ்கிரிப்டுகளும் இதே தவற்றை மறைமுகமாகச் செய்பவையே.

இரண்டாவது தவறு கணக்கில் நேர்வது. தேவையான இடத்தைச் சராசரியை வைத்துக் கணிப்பவர்கள், சர்வரின் பரபரப்பான நேரத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு சர்வரில் மணிக்கு 2 ஜிபி லாக் உருவாகிறது என்றும், இரவுதோறும் ஓடும் ஒரு தொகுப்புப் பணி 2 மணி நேரத்தில் மேலும் 60 ஜிபி எழுதுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை பிரதி சர்வருடனான இணைப்பு அறுந்து, திங்கள் காலையில்தான் யாரேனும் அதைக் கவனிக்கிறார்கள் என்றால் இடைவெளி சுமார் 60 மணி நேரம். மணிக்கணக்கை மட்டும் பார்த்தவர் 120 ஜிபி போதும் என்பார். மூன்று இரவுகளின் 180 ஜிபியையும் சேர்த்தால் தேவை 300 ஜிபி. இங்கே தீர்மானிக்க வேண்டியது, எவ்வளவு நேரத் தடையைத் தாங்க வேண்டும் என்பதுதான். வட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கும் கணக்கு தலைகீழானது.

பழைய லாக்கை எப்போது விடுவிப்பது என்பதில் மென்பொருள்கள் ஒன்றுபோல நடப்பதில்லை. ஒன்றில் பெற்ற பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோவது அடுத்த தவறு. மைஎஸ்க்யூஎல் கோப்பின் வயதைப் பார்க்கிறது. 8.0 பதிப்பில் இயல்பான காலவரம்பு 30 நாட்கள், 5.7-இலோ தானாக எதுவும் அழியாது. வரம்பைச் சில மணி நேரமாகக் குறைத்துவிட்டால், பின்தங்கிய பிரதி சர்வர் தனக்கு வேண்டிய கோப்பைக் காணாமல் 1236 என்ற பிழையுடன் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸில் ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது ஒரு பெறுபவர் எதுவரை படித்திருக்கிறார் என்று மூல சர்வர் வைத்திருக்கும் குறிப்பு, அமைத்திருந்தால் நிலைமை நேர்மாறு: பெறுபவர் படித்து முடிக்கும்வரை, அது மாதக்கணக்கானாலும், லாக் காக்கப்படும். சோதனைக்காக உருவாக்கி மறந்துபோன ஒரே ஒரு ஸ்லாட், வட்டை நிரப்பி மூல சர்வரையே நிறுத்திவிட முடியும். இதற்கு உச்சவரம்பு விதிக்கும் அமைப்பு 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு என்றாலும், அதன் இயல்பான மதிப்பு 'வரம்பில்லை' என்பதே. வரம்பு விதித்தால், அதைத் தாண்டிப் பின்தங்கும் பிரதியை அநேகமாக முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அப்படியும் வரம்பு விதிப்பதே சரி என்பது என் கருத்து. பிரதியை மீண்டும் கட்டுவது ஒருவருக்கு ஒரு நாள் வேலை, மூல சர்வர் நின்றால் எல்லோருக்கும் வேலை நிற்கும்.

இடத்தின் அளவைப் போலவே இருப்பிடமும் முக்கியம். பரிவர்த்தனை லாக்கை இயங்குதளம் இருக்கும் பார்டிஷனிலேயே (வட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதியிலேயே) விட்டுவைத்தால், லாக் பெருகும்போது சர்வரில் மற்ற எதுவும் எழுத முடியாமல் போகும். தனிப் பார்டிஷன் ஒதுக்கினால் இடச்சிக்கல் தீரும். ஆனால் அது அதே வட்டில் இருக்குமானால் வேகத்தில் ஆதாயம் இராது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் உறுதியாவதற்கு லாக் வட்டில் எழுதப்பட்டாக வேண்டும் என்ற அமைப்பில், மெதுவான வட்டு முழுத் தரவுத்தளத்தையும் மெதுவாக்கும். தற்காலிகக் கோப்புறையில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல கணினிகளில் மறுதொடக்கத்தின்போது அது துடைக்கப்படுகிறது.

பிழைக்குறிப்பு லாக்கில் வழக்கமான தவறு, ஒரு கோளாற்றை ஆராய, சின்னஞ்சிறு விவரத்தையும் எழுதும் டீபக் நிலைக்கு உயர்த்திவிட்டு, பிறகு இறக்க மறப்பது. லினக்ஸில் இன்னொன்றும் உண்டு: மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தாலும், அது மூடப்படும்வரை இடம் விடுபடாது. கோப்புகளின் கூட்டுத்தொகை சிறிதாக இருந்தும் வட்டு நிரம்பியதாகக் காட்டினால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிழைச் செய்திகளில் வாடிக்கையாளர் தரவு அப்படியே வந்துவிழுவதும் உண்டு என்பதால், இக்கோப்புகளைப் படிக்கும் உரிமையையும் சுருக்கியே வைக்க வேண்டும்.

எச்சரிக்கை மணியை வட்டின் 80 சதவீதத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். 50 ஜிபி பார்டிஷனில் அந்த நிலையில் மிஞ்சுவது 10 ஜிபி. மேலே சொன்ன இரவுப் பணியின் வேகத்தில் அது 20 நிமிடம்கூடத் தாங்காது. எனவே மீதமுள்ள இடத்தை லாக் பெருகும் வேகத்தால் வகுத்து, நிரம்ப இன்னும் எத்தனை மணி நேரம் என்ற எண்ணின்மேல் எச்சரிக்கையை வைக்க வேண்டும். கூடவே, மிகவும் பின்தங்கிய பிரதி எத்தனை பைட் பின்னால் இருக்கிறது என்பதையும் கண்காணிக்க வேண்டும்.