அயனி ஆரத்தில் மதிப்பெண்ணைத் தின்னும் தவறுகள்

திருத்துறைப்பூண்டியில் மாலை டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் திருத்தினேன். அந்த வயதில் நான் எழுதிய அதே தப்பு, அதே வரிசையில், பதினோரு தாள்களில் இருந்தது. எலக்ட்ரானை இழந்த நேர் அயனி சுருங்கும், எலக்ட்ரானைப் பெற்ற எதிர் அயனி பெரிதாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

போன எலக்ட்ரானை மட்டும் எண்ணுவது

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு அப்பா உப்பளத்தில் வேலை. "ஒரே ஒரு எலக்ட்ரான் போனதுக்கு இவ்வளவு சுருங்குமா சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. சோடியம் அணுவின் ஆரம் 186 பிகோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), அயனியின் ஆரம் 102. அந்த ஓர் எலக்ட்ரானோடு மூன்றாவது எலக்ட்ரான் கூடே காலியாகிவிடுகிறது.

குளோரின் ஓர் எலக்ட்ரானை வாங்கிக் குளோரைடு அயனி ஆகும்போது புதுக் கூடு எதுவும் வருவதில்லை. 17 புரோட்டான்கள் 18 எலக்ட்ரான்களைக் கட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கூடுதலாகத் தள்ளுகின்றன. மூலக்கூறில் 99 ஆக இருந்த ஆரம் குளோரைடில் 181.

உங்கள் அப்பா வாரிக் குவிக்கிற உப்பில் இடத்தை அடைத்திருப்பது குளோரைடுதான் அம்மா என்றேன். ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்திருக்கின்றன. 102-ஐயும் 181-ஐயும் கூட்டினால் 283. படிகத்தில் இரண்டின் மையங்களுக்கு இடையே அளந்த இடைவெளி 282.

அணுவின் வரிசையை அயனிக்குப் போடுவது

இதுதான் அந்தப் பதினோரு தாள். ஆக்சைடு, ஃபுளோரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகளை ஆரம் குறையும் வரிசையில் எழுதச் சொன்னேன். தனிம வரிசை அட்டவணையை மனதில் ஓட்டி, மூன்றாம் வரிசைக்கு ஒரு கூடு அதிகம் என்று சோடியம், மெக்னீசியம், அலுமினியத்தை முன்னால் வைத்துவிட்டார்கள். அணுக்களாக இருந்தால் அது சரி. ஆனால் அந்தக் கூட்டைக் காலி செய்ததால்தானே அவை அயனிகள் ஆயின!

நுழைவுத் தேர்வில் நானும் இப்படித்தான் எழுதினேன். ஆசைப்பட்ட படிப்பு அரை மதிப்பெண்ணில் போயிற்று. இன்றைக்கும் இந்த விடையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஐந்துக்கும் எலக்ட்ரான் பத்துதான். மாறுவது அணுக்கரு: 8, 9, 11, 12, 13 புரோட்டான்கள். அதே பத்தை இழுக்கும் விசை ஏற ஏற ஆரம் இறங்குகிறது: 140, 133, 102, 72, 53.5.

வரிசையைச் சரியாக எழுதுகிறவர்களும் காரணத்தில் சறுக்குகிறார்கள். "எலக்ட்ரானை இழந்ததால் அணுக்கருவின் மின்சுமை கூடியது" என்று எழுதாதீர்கள். சோடியம் அணுவிலும் 11 புரோட்டான், அயனியிலும் 11. அணுக்கருவை யாரும் தொடவில்லை. தனிமம் மாறினால்தான் அந்த எண் மாறும். வரிசைப்படுத்தும் முன் தாளின் ஓரத்தில் புரோட்டான், எலக்ட்ரான் என்று இரண்டு பத்தி போடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டு புத்தகத்து எண்களைக் கலப்பது

கலக்காதீர்கள். சோடியம் அயனிக்கு வேதியியலாளர் பாலிங்கின் பட்டியல் தந்தது 95. ஆய்வாளர் ஷானன் 1976-இல் வெளியிட்ட பட்டியல் தந்தது 102.

அலகு

ஆங்ஸ்ட்ராமில் தந்த ஆரத்தைப் பிகோமீட்டரோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். ஓர் ஆங்ஸ்ட்ராம் 100 பிகோமீட்டர்.

ஒரு தனிமத்துக்கு ஒரே அயனி ஆரம் என்று நினைப்பது

இரும்பைப் பாருங்கள். சம்பா வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அங்கே மும்மை நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானை வாங்கி இருமை ஆகிறது. ஆரம் சுமார் 65-லிருந்து 78-க்கு ஏறுகிறது. புரோட்டான் இரண்டிலும் 26. அந்த இரும்பு வடிகாலில் கசிந்து காற்றுப் பட்டதும் எலக்ட்ரானை மறுபடி இழந்து சுருங்குகிறது. தண்ணீரின் மேல் துருநிறத்தில் படிகிற ஆடை அதுதான்.