சார்ட்டை அல்ல, கேள்வியை அனுப்புங்கள்: வினவல் வழிக் கற்றலை இணையத்தில் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வினவல் வழிக் கற்றலை, அதாவது பிள்ளைகள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தாங்களே சோதித்து விடை தேடுகிற முறையை, வகுப்பில் உண்மையாகவே செய்து பார்க்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தனியாகத்தான் செய்கிறார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு இதில் ஈடுபாடு இல்லையென்றால் பேச ஆள் கிடையாது, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் கிடைக்கிற நேரம் அன்றைய பயிற்சிக்கே சரியாகப் போய்விடும். அதனால்தான் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் நமக்கு இவ்வளவு முக்கியம். அங்கே திரும்பத் திரும்ப நடக்கிற சில தவறுகளைத் தவிர்த்தாலே அந்தக் குழுக்கள் பல மடங்கு பயன்படும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முடிவை மட்டும் படம் எடுத்துப் போடுவது. அழகான சார்ட், மேசை மேல் ஒரு மாதிரி, பின்னால் வரிசையாகப் பிள்ளைகள், கீழே பத்துப் பேரின் கைதட்டல். பாராட்டு வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற பண்ருட்டி ஆசிரியர் நாளைக்குத் தன் வகுப்பில் எங்கிருந்து தொடங்குவார்? எந்தக் கேள்வியில் ஆரம்பித்தது, அதைக் கேட்டது ஆசிரியரா பிள்ளையா, பிள்ளைகள் முதலில் என்ன ஊகித்தார்கள், எங்கே முட்டி நின்றார்கள், எத்தனை பீரியட் ஆயிற்று, இது எதுவும் படத்தில் இல்லை.

மண் வழியே தண்ணீர் இறங்குகிற சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பகிர்கிற பதிவு இப்படி இருந்தால் போதும்: "7-ஆம் வகுப்பு, இரண்டு பீரியட். மழை பெய்தால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தண்ணீர் நிற்பதில்லை, எங்கள் வயலில் மட்டும் ஏன் நிற்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, வாயில் துணி கட்டிக் கவிழ்த்து, கடற்கரை மணல், செம்மண், வயல் களிமண் மூன்றையும் ஒரே அளவு போட்டு 200 மில்லி தண்ணீர் ஊற்றினோம். மணலில் உடனே இறங்கிவிட்டது. களிமண்ணில் பீரியட் முடிகிற வரை மேலேயே நின்றது. செம்மண்ணில் இரண்டு குழுவுக்கு இரண்டு விதமாக வந்தது, ஒரு குழு மண்ணை அழுத்தி நிரப்பியிருந்தது. அழுத்தினால் ஏன் மாறுகிறது என்பதில் நிற்கிறோம்." இவ்வளவுதான், போனிலேயே தட்டிவிடலாம். தட்டச்சு சிரமமென்றால் வாய்ஸ் நோட் போடலாம். படிக்கிறவருக்கு இதில் பொருள்கள், அளவு, நேரம், தடுமாற்றம், அடுத்த கேள்வி என்று செய்து பார்க்கத் தேவையானது எல்லாமே இருக்கிறது.

அடுத்தது, குழுவில் யாராவது ஒரு கேள்வியைப் போட்டவுடன் எல்லோரும் பதிலைக் கொண்டு வந்து கொட்டுவது. இது அக்கறையால் நடப்பதுதான், ஆனால் வினவல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு டீச்சர், "புதுச்சேரி பீச்சில் ஏன் பாறாங்கல்லாகக் கிடக்கிறது, வீராம்பட்டினத்தில் மட்டும் எப்படி அவ்வளவு மணல் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்று போடுகிறார் என்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்: ஆண்டின் பெரும்பகுதியில் கடல் நீரோட்டமும் அலையும் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன, 1980-களில் துறைமுக முகத்துவாரத்தில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்துவிட்டன, அதனால் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்கிறது, வடக்கே புதுச்சேரி பீச் பக்கம் கரை அரிக்கிறது. பதில் சரிதான். ஆனால் மறுநாள் அந்த டீச்சர் வகுப்புக்குப் போய் இதைப் படித்துச் சொல்லுவதோடு பிள்ளைகளின் கேள்வி முடிந்துவிடும்.

பதில் தெரிந்தவர்கள் வழி சொல்லட்டும். "ஒரு தட்டில் மணலும் தண்ணீரும் வைத்து, ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஒரு பக்கமாகச் சாய்வாக அலை எழுப்பச் சொல்லுங்கள், மணல் எந்தப் பக்கம் சேர்கிறது என்று பார்க்கட்டும்" என்று ஒருவர் சொல்லலாம். "கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பார்க்கிற வசதி இருக்கிறது, துறைமுக வாயை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள்" என்று இன்னொருவர் சொல்லலாம். வைத்திக்குப்பத்தில் வயதான மீனவர்களிடம் அந்தக் காலத்தில் கட்டுமரத்தை எங்கே ஏற்றி வைப்பீர்கள் என்று பிள்ளைகள் கேட்டு வரலாம். புதுச்சேரி தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் தடுப்பு அமைத்த பிறகு அங்கே மணல் திரும்பச் சேர்ந்ததே, அது எப்படி என்று புதிதாக ஒரு கேள்வியும் எழும். ஆசிரியருக்கு மட்டும் விளக்கம் தேவைப்பட்டால் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

மூன்றாவது, வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்வது. நிழலில்லா நாளை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 இரண்டையும் ஒட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வந்துவிடும், ஆகஸ்ட்தான் பள்ளிகளுக்கு வசதி. ஆனால் சென்னைக்கு அது சில நாள் முன்னதாகவே, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி வந்துவிடும். சென்னைத் தேதி போட்ட செய்தி இங்கே சுற்றினால், அதை நம்பி மைதானத்தில் கோல் நட்ட பிள்ளைகளுக்கு நிழல் மறையாது, 1 மீட்டர் கோலுக்குச் சுமார் 2 செ.மீ. நிழல் மிஞ்சும். நேரமும் அப்படித்தான். 12 மணி அடித்தவுடன் அளந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினால் தவறவிட்டோம் என்று அர்த்தம், நமக்கு உச்சிவேளை அதைத் தாண்டி 10, 15 நிமிடத்தில்தான் வரும். எந்தச் செயல்பாட்டை அனுப்பினாலும் இது எந்த ஊரில் செய்தது, எந்த மாதம், நம் ஊருக்கு என்ன மாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். நீங்களே செய்து பார்க்காததை அனுப்பினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒட்டி வருவது, "எனக்கு வரவில்லை" என்று யாராவது எழுதினால் உடனே அவர் செய்த விதத்தில் குறை தேடுவது. அந்த 2 செ.மீ. நிழல் தோல்வியே இல்லை. சென்னையில் நிழலே இல்லை, அதே நாளில் கடலூரில் 2 செ.மீ., சிதம்பரத்தில் இன்னும் கொஞ்சம் நீளம் என்றால் ஏன் என்று கேட்கிற பிள்ளை பூமி உருண்டை என்பதைத் தன் கையால் தொட்டுவிடுகிறது. ஒரே வகுப்பறைக்குள் இதைச் செய்யவே முடியாது, பல ஊர் ஆசிரியர்கள் ஒரே நாளில் அளந்து குழுவில் போட்டால்தான் முடியும். இணையத்தில் நாம் சேர்ந்திருப்பதன் அருமையே இதில்தான் இருக்கிறது. அப்புறம், சரியாக வராததைச் சொன்னவரைக் குழுவில் ஒருமுறை மட்டம் தட்டினால் அவர் மறுபடி எழுத மாட்டார், படித்துக்கொண்டிருந்த மற்ற ஐம்பது பேரும் எழுத மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்கள் மாதக் கூட்டங்களில் உட்கார்ந்து வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள், அந்த அனுபவத்தைக் கொண்டு பாடநூலே திருத்தப்பட்டது. இணையம் இல்லாமலே அவர்களால் அது முடிந்திருக்கிறது.

இன்னொன்றை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்" என்கிற அறிவுரை புதிதாக வருகிற ஆசிரியரை வெகுவாகக் குழப்புகிறது. வழிகாட்டலே குறைவாக இருந்தால், அந்தப் பாடத்துக்குப் புதியவர்களான பிள்ளைகள் திணறுவார்கள் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது, அதில் உள்ள எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. 2008-இல் பாஞ்சி, பெல் என்ற இரு ஆய்வாளர்கள் வினவலை நான்கு படியாகப் பிரித்தார்கள். முதல் படியில் விடை தெரிந்ததைச் செய்து உறுதிப்படுத்துவது. இரண்டாவதில் கேள்வியும் செய்முறையும் ஆசிரியர் தர, முடிவைப் பிள்ளைகள் காண்பது. மூன்றாவதில் கேள்வி மட்டும் ஆசிரியருடையது, செய்முறையைப் பிள்ளைகளே வகுப்பது. கடைசிப் படியில் கேள்வியும் பிள்ளைகளுடையதே. பகிரும்போது நீங்கள் எந்தப் படியில் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மேலே சொன்ன மண் சோதனையில் பாட்டிலும் 200 மில்லியும் ஆசிரியர் சொன்னதென்றால் செய்முறை அவருடையதே, அதனால் அந்தப் பகுதி இரண்டாம் படிதான். அதில் குறைவு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள ரெட்டிச்சாவடிக்கும் புதுச்சேரிப் பக்கம் உள்ள கிருமாம்பாக்கத்துக்கும் நடுவே இருப்பது சில கிலோமீட்டர், ஆனால் ஆசிரியர் குழுக்கள் தனித்தனி. அங்கே சிபிஎஸ்இ, இங்கே சமச்சீர், நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். தென்பெண்ணையில் தண்ணீர் எப்போது வரும், கிணற்று நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த எல்லை தெரியாது. இரண்டு பக்க ஆசிரியர்களையும் ஒரே குழுவில் சேருங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரிகிற படம், பெயர் எழுதிய நோட்டு, இவற்றைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் மின்னணுத் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. கையையும் பாட்டிலையும் மட்டும் படம் எடுத்தால் போதும், பாடத்துக்குத் தேவை அதுதான்.

சுற்றறிக்கையும், பள்ளி விவரங்களைப் பதிவேற்றுகிற எமிஸ் தளத்தின் நினைவூட்டலும் ஓடுகிற குழுவிலேயே இதையும் போட்டால் அன்று மாலைக்குள் மேலே போய் மறைந்துவிடும். தனிக் குழு வையுங்கள், கூடவே ஒரு கூகுள் ஷீட். அதில் கேள்வி, வகுப்பு, ஊர், மாதம், பொருள்கள், எங்கே நின்றது என்று ஆறு பத்தி இருந்தால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒருவர் தேடும்போது கிடைக்கும். கடைசிப் பத்தியைக் காலியாக விட வேண்டாம் என்று மட்டும் முதல் நாளே குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.