கோலெம் கதையைக் குழந்தைகளுக்குப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வல்தாவா ஆற்றங்கரையில் நள்ளிரவு. மூன்று பேர் ஈரக் களிமண்ணை ஆள் உருவமாகப் பிசைந்து மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். மருமகன் அதை ஏழு முறை சுற்றி வருகிறார். களிமண் தணலாய்ச் சிவக்கிறது. சீடர் ஏழு முறை சுற்றுகிறார். தணல் அவிந்து ஆவி எழுகிறது, தலையில் முடியும் விரல்களில் நகமும் முளைக்கின்றன. கடைசியாக முதிய ரபி, அதாவது யூத மதகுரு, சுற்றுகிறார். களிமண் கண் திறக்கிறது.

பிராக் நகரத்து யூதர்களோடு பிணைந்த, களிமண் மனிதனான கோலெமின் கதையில் வரும் இந்தக் காட்சியைப் படித்ததுமே ஓவியருக்குக் கை பரபரக்கும். என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. குழந்தை முதலில் படத்தைப் பார்க்கிறது. எழுத்து பிறகுதான் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. படத்தில் இருப்பதெல்லாம் அதற்கு நடந்ததுதான். இதை மறந்து செய்யும் பிழைகள் இந்தக் கதையில் அதிகம்.

முதல் பிழை பெயரிலேயே நேர்ந்துவிடுகிறது. தமிழில் சொல்லும்போது ‘களிமண் பூதம்’ என்று எழுதிவிடத் தோன்றும். பூதம் என்றதும் நம் பிள்ளைகள் மனத்தில் கோரைப்பல்லும் பானை வயிறும் குப்பிக்குள்ளிருந்து வரும் புகையும் எழுந்துவிடும். ஓவியரின் தூரிகையும் அதே பக்கம் சாயும். எபிரேயச் சொல்லுக்கு அந்தப் பொருளே இல்லை. 139ஆம் சங்கீதத்தில் இச்சொல் ஒருமுறை வருகிறது. நம் தமிழ் விவிலியம் அதைக் ‘கரு’ என்று பெயர்த்திருக்கிறது. இன்னும் முழு உரு அடையாத ஒன்று என்பதே கருத்து. கோலெமை வரையும்போது அந்தக் ‘கரு’ கண்முன் இருக்க வேண்டும். அதற்குப் பேச்சு கிடையாது. யூதர்களின் பழம்பெரும் சட்ட, விளக்க நூலான தால்மூதில் வரும் பழைய குறிப்பிலும் அப்படித்தான்: ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனை உண்டாக்கி ரபி ஸீராவிடம் அனுப்புகிறார்; ஸீரா பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார், பதில் இல்லை; “உன் மண்ணுக்கே திரும்பிப் போ” என்று சொல்லிவிடுகிறார். ஆகவே வாயைப் பிளந்து கர்ஜிக்கும் கோலெம் வேண்டாம். பெரிய உடம்பும், சொன்னதைப் புரிந்துகொள்ள முயலும் முகமும் போதும். ஐந்து வயதுப் பிள்ளை அதில் தன்னையே அடையாளம் கண்டுகொள்ளும்.

இன்னொரு பிழை, மூன்று கதைகளை ஒன்றாகக் குழைப்பது. நெற்றியில் எழுத்து இருப்பதும், ஓர் எழுத்தை அழித்தால் கோலெம் மண்ணாவதும் போலந்து யூதர்களின் கதையாக ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர் யாக்கோப் கிரிம் 1808இல் அச்சிட்ட வடிவம். அதில் கோலெம் நாளுக்கு நாள் உயரமாகிக்கொண்டே போகிறது, நெற்றி கைக்கு எட்டவில்லை. எஜமானர் தன் காலணியைக் கழற்றச் சொல்கிறார். அது குனிந்ததும் எழுத்தை அழிக்கிறார். மண் குவியல் முழுவதும் அவர்மேலேயே சரிகிறது. பிராக் கதை ஒன்றிலோ, வாய்க்குள் வைத்த, இறைவனின் திருப்பெயர் எழுதிய சீட்டுதான் உயிர். ஓய்வு நாள் தொடங்கும் முன் ஒவ்வொரு வெள்ளி மாலையும் ரபி அதை எடுத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோக, கோலெம் வெறிகொள்கிறது. யூத ஆலயத்தில் 92ஆம் சங்கீதத்தைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். ரபி ஓடிப்போய்ச் சீட்டைப் பிடுங்கிவிட்டு வந்து மறுபடி பாடச் சொல்கிறார். அந்த ஆலயத்தில் அச்சங்கீதத்தை இருமுறை சொல்லும் வழக்கத்துக்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். மூன்றாவது, போலந்து ரபி யூடெல் ரோசன்பெர்க் 1909இல் வெளியிட்ட நூல். ஆற்றங்கரையில் ஏழு சுற்று வருவது அதில்தான். எதை எடுத்தாலும் சரி, ஒன்றை எடுங்கள். நெற்றி எழுத்தும் வாய்ச்சீட்டும் ஒரே பக்கத்தில் இருந்தால், “எதை எடுத்தால் அது தூங்கும்?” என்று குழந்தை கேட்கும். நியாயமான கேள்வி.

ஆற்றங்கரையில் சுற்றும் மூன்று பேரும் நெருப்பு, நீர், காற்று ஆகியவற்றின் குறிகள், களிமண் நான்காவது. பஞ்சபூதம் என்று பழகிய கை ஆகாயத்தையும் சேர்க்கப் பார்க்கும். சேர்க்க வேண்டாம்.

எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். நெற்றியில் இருக்கும் சொல் ‘எமெத்’, உண்மை என்று பொருள். அலெஃப், மெம், தாவ் என்று மூன்று எழுத்துகள். முதல் எழுத்தான அலெஃபை அழித்தால் மிஞ்சுவது ‘மெத்’: இறந்தவன். கதையின் சாவியே இதுதான். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. எனவே முதல் எழுத்து, பார்ப்பவரின் வலது ஓரத்தில் இருக்கும். ஒரு புத்தகத்தின் மெய்ப்புப் படியில், நம் வழக்கப்படி இடது ஓரத்து எழுத்தை ரபி துடைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சியிருந்தவை அலெஃபும் மெம்மும். அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘எம்’, அதாவது தாய். மரணம் எழுத வேண்டிய நெற்றியில் அம்மா எழுதியிருந்தது! வரைந்தவருக்கும் தெரியவில்லை, பதிப்பித்தவருக்கும் தெரியவில்லை. எபிரேயம் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் அந்தக் கணமே கதை உடைந்திருக்கும். கொம்பும் காலும் தனித்தனியே சிதறிய தமிழைப் பார்த்து நொந்திருக்கிற நமக்கு, இந்த வலியை விளக்கத் தேவையில்லை.

எனவே ஓவியத்தை இடவலமாகத் திருப்பினால் எழுத்தும் திரும்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். திருப்பிய பிறகு எழுத்தை மட்டும் தனியாக வைக்க வேண்டும். நெற்றி இரண்டு பக்கத்துக்கும் நடுவே வந்தால் மெம் புத்தகத்தின் மடிப்புக்குள் விழுந்து மறைந்துவிடும். அச்சுக்குப் போகும் முன் எபிரேயம் அறிந்த ஒருவரிடம் அந்த மூன்று எழுத்தையாவது காட்டுங்கள். வாய்ச்சீட்டுக் கதையை எடுத்தால் சீட்டை மடித்தே வரையுங்கள். இறைவனின் நான்கெழுத்துப் பெயரை விரித்துக் காட்ட வேண்டாம். அப்பெயர் தாங்கிய ஏட்டை யூதர்கள் குப்பையில் போடுவதில்லை, எடுத்துவைத்துப் புதைப்பார்கள். கிழியப்போகும் குழந்தைப் புத்தகத்தில் அதை அச்சிடுவது மரியாதை அல்ல.

ரபி யார்? மகரால் என்று அழைக்கப்பட்ட யூதா லோவ் பென் பெசலேல், 1609இல் காலமானவர், பிராக் பழைய யூத இடுகாட்டில் கல்லறை இருக்கிறது. சட்டமும் தத்துவமும் எழுதிய பேரறிஞர். அவரைக் கூம்புத் தொப்பி போட்ட மந்திரவாதியாக வரைவது பெரிய அநீதி. வளைந்த பெருமூக்கும் குறுகிய கண்ணும் அதைவிட மோசம். யூதர்களை வெறுக்கவைப்பதற்கென்றே ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு, நாஜிகளின் பத்திரிகைகள் வரை வந்த கோடுகள் அவை. வேடிக்கைக்காக வரைந்தேன் என்றாலும் கோட்டுக்கு அந்த நினைவு போகாது. உரோமத் தொப்பியும் நீள் அங்கியுமாக ஹசித் என்ற யூதப் பக்தி இயக்கத்தாரின் உடையும் போடக்கூடாது, அந்த இயக்கம் பிறந்தது 18ஆம் நூற்றாண்டில்.

நகரமும் இப்படித்தான் ஏமாற்றும். இன்றைய சுற்றுலாப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால், 1580இல் நடக்கும் கதையில் கல் பாலத்தின் இருபுறமும் சிலைகள் வரிசைகட்டும். அவை 1683 முதல் வந்தவை. கோட்டை மேலே தேவாலயம் முழுதாக நிற்கும். அது முடிந்தது 1929இல். எதிர்ப்பக்கமாகச் சுழலும் எபிரேயக் கடிகாரம் எந்த ஓவியரையும் மயக்கும், ஆனால் அதுவும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தயங்காமல் வரையக்கூடியது, 1270 வாக்கில் கட்டிய, ‘பழைய-புதிய ஆலயம்’ என்று பெயர் கொண்ட யூத ஆலயம். அதன் செங்குத்துக் கூரையையும் செங்கல் முகப்பையும் வரைந்தாலே இடம் பிராக் என்று தெரிந்துவிடும்.

இனி, கடினமான இடம். ரோசன்பெர்க்கின் வடிவத்தில் கோலெம் பிறப்பதே ஒரு பொய்யிலிருந்து யூதர்களைக் காக்கத்தான். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழி பல நூற்றாண்டுகள் பரவி, எத்தனையோ உயிர்களைப் பலி வாங்கியது. இதை விட்டுவிட்டால் கோலெம் வெறும் பலசாலி. சொன்னால் எப்படி வரைவது? அந்தப் பழியைக் காட்சியாக வரைந்துவிடாதீர்கள். ‘இது பொய்’ என்று கீழே எவ்வளவு பெரிதாக எழுதினாலும் படத்துக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது. இறந்த பிள்ளையும் பக்கத்தில் நிற்கும் தாடிக்காரரும் மட்டுமே நினைவில் தங்குவார்கள். பழி சொல்பவர்களின் திறந்த வாய்களை வரையுங்கள், பூட்டிய கதவுகளை வரையுங்கள், இரவில் விளக்கு அணையாத வீட்டை வரையுங்கள். அச்சம் புரியும், பொய்க்கு உருவம் கிடைக்காது. ஒன்பது பத்து வயதுக்கு மேல் இதைச் சொல்லலாம். சிறியவர்களுக்குத் தண்ணீர் மொண்ட கதையே போதும்: ரபியின் மனைவி பெர்ல் தொட்டியை நிரப்பச் சொல்கிறாள், நிறுத்தச் சொல்லவில்லை. கோலெம் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நீர்மட்டம் ஒரு விரற்கடை ஏறினால் போதும், பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள்.

பின்னட்டையில் ‘உண்மைக் கதை’ என்று போடுவதும் தவறு. மகராலின் காலத்திலேயே பிராகில் வாழ்ந்து வரலாறு எழுதிய தாவீது கான்ஸ், மகரால் 1592இல் பேரரசர் இரண்டாம் ருடால்பைச் சந்தித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கோலெமைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிராகின் கோலெமாக அது அச்சேறியதே 19ஆம் நூற்றாண்டில்தான். ‘பிராக் யூதர்கள் சொல்லிவந்த கதை’ என்று போடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

முடிவை வெடித்துச் சிதறும் களிமண்ணாக வரையும் ஆசை வரும். ரோசன்பெர்க்கின் கதையில் அப்படி இல்லை. ஆலயத்தின் கூரையடிப் பரணில், வந்த சுற்றுகளை எதிர்த்திசையில் சுற்றி உயிரை அவிழ்க்கிறார்கள். பழைய தொழுகைச் சால்வைகளையும் கிழிந்த பிரார்த்தனை ஏடுகளையும் அதன்மேல் போர்த்துகிறார்கள். யாரும் மேலே ஏறக்கூடாது என்று ரபி கட்டளையிடுகிறார். அந்தப் பரணுக்கு வெளிச்சுவரில் இன்றும் இரும்புப் படிகள் இருக்கின்றன, அடிப்பகுதியில் மட்டும் படிகளை எடுத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்துக்கு அந்தச் சுவரை, கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தையின் உயரத்திலிருந்து வரையலாம்: கைக்கு எட்டாத முதல் படி, மேலே மூடிய சிறு கதவு.