எடிட்டிங் சாஃப்ட்வேர் அடிக்கடி ஹேங் ஆகுதா? ரேம் வாங்குறதுக்கு முன்னாடி ஆடியோ செட்டிங்ஸ பாருங்க

ஸ்பேஸ்பார் தட்டினா ரெண்டு செகண்ட் கழிச்சு தான் ப்ளே ஆகும், நடுவுல திக்கும், ஸ்டாப் பண்ணா ஸ்க்ரீன் வெள்ளையாகி நாட் ரெஸ்பாண்டிங்னு நிக்கும். இத யார்கிட்ட கேட்டாலும் மொத பதில் ரேம் ஏத்து, கிராஃபிக்ஸ் கார்டு மாத்துன்னு தான் வரும். அதுவும் காரணமா இருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா காசு செலவில்லாம அஞ்சு நிமிஷத்துல பாத்து முடிக்கக்கூடிய ஆடியோ பக்கத்த யாரும் தொடுறதே இல்ல. இங்க பிரீமியர் ப்ரோவ வச்சு, விண்டோஸ்ல எப்படின்னு சொல்றேன், மத்த சாஃப்ட்வேர்லயும் மெனு பேரு தான் மாறும்.

படம் திக்குறதுக்கு சத்தம் எப்படி காரணமாகும்னு கேட்டா, ப்ளேபேக் ஓடும்போது பெரும்பாலான சாஃப்ட்வேர்ல ஆடியோ தான் முன்னாடி போகும், வீடியோ அதோட நேரத்த பாத்து பின்னாடி வரும். ஏன்னா ஒரு ஃப்ரேம் விட்டுப்போனா கண்ணுக்கு பெருசா தெரியாது, சத்தத்துல துளி இடைவெளி விழுந்தாலும் டப்புனு காதுல கேட்டுரும். அதனால சவுண்ட் டிவைஸ் பதில் சொல்லாம முழிச்சா படமும் அங்கயே நின்னுரும். ட்ராக்க மியூட் பண்ணி பாத்துட்டு ஆடியோ பிரச்சனை இல்லன்னு முடிவு கட்டாதீங்க, மியூட் பண்ணாலும் டிவைஸ் திறந்தே தான் இருக்கும்.

முதல் வேலை. எடிட் மெனுவுல ப்ரிஃபரன்சஸ் போய் ஆடியோ ஹார்ட்வேர் திறங்க. டீஃபால்ட் இன்புட்னு ஒன்னு இருக்கும், அதுல உங்க லேப்டாப் மைக்கோ வெப்கேம் மைக்கோ உக்காந்திருக்கும். அத நோ இன்புட்னு மாத்துங்க, ஓகே குடுத்துட்டு சாஃப்ட்வேர மூடி திரும்ப திறங்க. நிறைய பேருக்கு பிரச்சனை இதோடயே முடிஞ்சுரும். எடிட் பண்றப்போ மைக் தேவையே இல்ல, ஆனாலும் அந்த எடத்துல ஒரு மைக் இருந்தா சாஃப்ட்வேர் அதையும் பிடிச்சு வச்சுக்க பாக்கும், அதோட டிரைவர் சொதப்பினாலோ, கேபிள கழட்டிட்டாலோ, மீட்டிங் ஆப் ஏதாவது அதே மைக்க எடுத்துக்கிட்டாலோ இங்க முட்டிக்கும். வாய்ஸ் ஓவர் ரெக்கார்டு பண்ணும்போது மட்டும் மைக்க செலக்ட் பண்ணிக்கோங்க, முடிஞ்சதும் பழையபடி நோ இன்புட்.

ப்ளூடூத் ஹெட்செட் போடுறவங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட் பாட்டு கேக்கும்போது ஸ்டீரியோ மோடுல ஓடும், மைக்க யாராவது திறந்த உடனே ஹேண்ட்ஸ் ஃப்ரீ மோடுக்கு தாவிரும், அதுல சத்தம் 8 இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி மோனோவா, பழைய ஃபோன்ல பேசுற மாதிரி கேக்கும். திடீர்னு சவுண்ட் குவாலிட்டி போச்சுன்னு ஃபைல சந்தேகப்பட்டு திரும்ப திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணிட்டு இருப்பாங்க, ஃபைல்ல ஒன்னுமே இருக்காது. இதுக்கும் நோ இன்புட் தான் மருந்து. என்ன கேட்டா எடிட்டிங்குக்கு ப்ளூடூத்தே வேணாம், சத்தம் தாமதமா வரும், லிப் சிங்க் பாக்கவே முடியாது. சாதாரண ஒயர் ஹெட்ஃபோன் போதும்.

அடுத்தது டீஃபால்ட் அவுட்புட். சிஸ்டம் டீஃபால்ட்னு விடாம, நீங்க நிஜமா கேக்குற ஸ்பீக்கரையோ ஹெட்ஃபோனையோ பேரு பாத்து செலக்ட் பண்ணுங்க. எச்டிஎம்ஐ மானிட்டர் வச்சிருந்தா அதுவும் ஒரு சவுண்ட் டிவைஸா லிஸ்ட்ல வரும், மானிட்டர் தூங்கினா சில நேரம் அந்த டிவைஸும் லிஸ்ட்ல இருந்து காணாம போயிரும், டீ குடிச்சிட்டு வந்து ஸ்பேஸ்பார் தட்டினா ப்ளே ஆகாம நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மானிட்டர்ல சத்தம் கேக்குறதே இல்லன்னா விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ்ல போய் அந்த டிவைஸ டிசேபிள் பண்ணிருங்க.

அதே ஆடியோ ஹார்ட்வேர் பக்கத்துல டிவைஸ் க்ளாஸ்ல எம்எம்இ, ஆசியோ மாதிரி ஆப்ஷன் வரும், சாஃப்ட்வேர் சவுண்ட் டிவைஸோட பேசுற வழிங்க தான் இது. எம்எம்இ விண்டோஸோடயே வர்றது, ஆசியோ தாமதம் கம்மியா இருக்கணும்னு தனியா போடுற டிரைவர். தனியா ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கர் மாட்டுற வெளி சவுண்ட் பெட்டி) இல்லன்னா எம்எம்இ-யே நல்லது. இன்டர்ஃபேஸ் இருந்தா அந்த கம்பெனி குடுத்த ஆசியோ டிரைவர போடுங்க, எல்லா கார்டுக்கும் பொதுவா கிடைக்கிற ஆசியோ டிரைவர் வேற வழி இல்லன்னா மட்டும், ஏன்னா அது டிவைஸ மொத்தமா தனக்குன்னு எடுத்துக்க பாக்கும், பின்னாடி ப்ரௌசர்ல ஒரு வீடியோ ஓடிட்டு இருந்தா ரெண்டும் சண்ட போட்டுக்கும்.

பஃபர் சைஸ்னா ஒரு தடவைக்கு எத்தன சாம்பிள் (சத்தத்தோட குட்டி குட்டி அளவு) சேத்து அனுப்பணும்ங்கிறது, அதனால வர்ற தாமதம் தான் லேட்டன்சி. இந்த விஷயத்துல நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. மியூசிக் ரெக்கார்டிங் வீடியோ பாத்துட்டு வந்து 64, 128னு கம்மியா வைப்பாங்க. பாடும்போது தன் குரல் தாமதமா கேக்கக்கூடாதுன்னு அவங்க அப்படி வைக்கிறாங்க, நமக்கு எதுக்கு அது? 48 கிலோஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள்னா கிட்டத்தட்ட 2.7 மில்லிசெகண்ட், அதுக்குள்ள சிபியு அடுத்த துண்டு சத்தத்த ரெடி பண்ணி குடுத்தாகணும், இல்லன்னா டப்டப்னு ஒடையும். 1024 வச்சா 21 மில்லிசெகண்ட் கிடைக்கும், எடிட் பண்றப்போ அந்த தாமதம் உறுத்தாது. அதனால 512 இல்லன்னா 1024 வைங்க. எம்எம்இ-ல இதே விஷயம் லேட்டன்சின்னு மில்லிசெகண்ட்ல இருக்கும், அத கொறைக்காம விட்டாலே போதும், ஒடஞ்சா இன்னும் ஏத்துங்க.

சாம்பிள் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தன சாம்பிள்ங்கிறத, எல்லா எடத்துலயும் 48000 (48 கிலோஹெர்ட்ஸ்) ஆக்கிருங்க. சிடி ஆடியோவோட கணக்கு 44100, வீடியோவுக்கு 48000. விண்டோஸோட பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனல்ல ப்ளேபேக் டிவைஸ ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு டேப்ல 48000 செலக்ட் பண்ணுங்க, அங்கயே எக்ஸ்க்ளூசிவ் மோடுன்னு இருக்குற டிக்க எடுத்துருங்க, இல்லன்னா வேற ஒரு ஆப் டிவைஸ பூட்டிக்கிட்டு உக்காந்துரும். என்ஹான்ஸ்மென்ட்ஸும் ஆஃப், பாஸ் பூஸ்ட் போட்டுட்டு மிக்ஸ் பண்ணா மத்தவங்க ஃபோன்ல வேற மாதிரி தான் கேக்கும். பிரீமியர்ல சீக்வன்ஸ் (நீங்க எடிட் பண்ற டைம்லைன்) செட்டிங்ஸ்லயும் 48000 தானான்னு ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

இதுக்கு மேலயும் திக்கினா ஃபைல்கள பாக்கணும். எம்பி3-ய நேரா டைம்லைன்ல போடாம வேவ் ஃபைலா, 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட்ல மாத்தி போடுங்க, ஸ்டீரியோன்னா நிமிஷத்துக்கு 11.5 எம்பி தான் வரும், இன்னைக்கு அது ஒரு சைஸே இல்ல. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓபஸ் ஃபார்மட், அதையும் மாத்தி தான் போடணும். ஃபோன்ல எடுத்த வீடியோவுல போகப்போக வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போச்சுன்னா அது வேரியபிள் ஃப்ரேம் ரேட் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்ங்கிறது நடுநடுவுல மாறுறது) வேலை, ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டு எடிட் ஆரம்பிங்க, பாதி எடிட் முடிச்சப்புறம் மாத்தினா கட் எல்லாம் நகந்து போயி அழுகை தான் வரும். லினக்ஸ்ல டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன் போட்டவங்களுக்கு தனி குறிப்பு, அதுல ஏஏசி (ஃபோன் வீடியோவுல வழக்கமா இருக்குற ஆடியோ ஃபார்மட்) ஆடியோ வராது, கிளிப்ல சத்தமே இல்லன்னா செட்டிங்ஸ நோண்டாதீங்க, ஆடியோவ பிசிஎம்முக்கு (வேவ் ஃபைல்ல இருக்குற, சுருக்காத ஆடியோ) மாத்துங்க.

இம்போர்ட் பண்ண உடனே இழுத்துட்டு நிக்குதுன்னா மீடியா கேஷ். ஒவ்வொரு ஃபைலுக்கும் வேவ்ஃபார்ம் வரையறதுக்காக பின்னாடி நிறைய குட்டி ஃபைல் உருவாக்கும், அதுல ஒன்னு கெட்டுப்போனாலும் ப்ராஜெக்ட் தடுமாறும். ப்ரிஃபரன்சஸ்ல மீடியா கேஷ் போய் டெலீட் குடுங்க, உங்க ஒரிஜினல் ஃபைல்களுக்கு ஒன்னும் ஆகாது, திரும்ப திறக்கும்போது கொஞ்ச நேரம் எடுத்து அதுவே புதுசா உருவாக்கிக்கும். சாஃப்ட்வேர் திறக்கும்போதே விழுந்தா ஆடியோ ப்ளகின் (மேல சேத்துக்குற எஃபெக்ட்) தான் முதல் சந்தேகம், எங்கயோ டவுன்லோட் பண்ண விஎஸ்டி (அந்த ப்ளகினோட ஒரு ஃபார்மட்) ஃபைல வேற ஃபோல்டருக்கு நகத்திட்டு திறந்து பாருங்க.

ஒன்னு மாத்தினா ஒரு தடவ ஓட்டி பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க, எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. எதுவுமே சரி பண்ணலன்னா விண்டோஸ் ஈவென்ட் வியூவர (விண்டோஸ்ல நடந்த எரர் எல்லாம் பதிவாகுற எடம்) திறந்து, விண்டோஸ் லாக்ஸ்ல அப்ளிகேஷன்னு இருக்குறதுல க்ராஷ் ஆன நேரத்துக்கு நேரா உள்ள சிவப்பு எரர க்ளிக் பண்ணுங்க, ஃபால்ட்டிங் மாட்யூல்னு ஒரு ஃபைல் பேரு இருக்கும். அது சவுண்ட் கார்டு டிரைவர் பேரோ ப்ளகின் பேரோ மாதிரி இருந்தா இன்னும் ஆடியோ பக்கமே தேடலாம், கிராஃபிக்ஸ் டிரைவர் பேரு வந்தா மட்டும் அந்த கார்டு பக்கம் போங்க, அப்பவும் புது கார்டு இல்ல, மொதல்ல டிரைவர் அப்டேட் தான்.