குறைந்த பட்ஜெட்டில் போட்டோ எடிட்டிங்குக்கு மானிட்டர் வாங்குவது எப்படி?

மானிட்டர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது இன்ச், ஹெர்ட்ஸ், 4கே, கர்வ்டு. போட்டோ எடிட்டிங் செய்கிறவருக்கு இவற்றில் பின்னால் சொன்ன மூன்றும் இல்லாமலே வேலை நடக்கும். இன்ச்சும் இரண்டாம்பட்சம்தான். திரை காட்டும் நிறத்தை நம்ப முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் எண்கள் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்காது. ஸ்பெக் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். அவற்றைத் தேடிப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஏறக்குறைய பத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்ல மானிட்டர் வாங்கிவிடலாம்.

கேமரா வாங்கி, கல்யாணம், காதுகுத்து என்று ஆர்டர் எடுக்கத் தொடங்கி, இன்னமும் லேப்டாப் திரையிலேயே எடிட் செய்துகொண்டிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: பேனல் ஐபிஎஸ்தானா?

எல்சிடி மானிட்டர்களில் பரவலாக உள்ள பேனல் வகைகள் மூன்று: டிஎன், விஏ, ஐபிஎஸ். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் மேலே தூக்கினாலே முகத்தின் நிழல் பகுதி வெளுக்கும், குனிந்தால் கறுக்கும். அதில் ஸ்கின் டோன் சரிசெய்ய உட்கார்ந்தால், நீங்கள் சாய்ந்து உட்காரும் நேரத்தில் ஒரு நிறம், நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் வேறு நிறம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் டிஎன் வேண்டாம்.

விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். 3000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சர்வசாதாரணம். ஐபிஎஸ்ஸில் அது 1000:1 அளவில்தான். படம் பார்க்க விஏ அருமையான பேனல். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். நேராகப் பார்க்கும்போது ஆழ்ந்த நிழல்கள் கொஞ்சம் நசுங்கித் தெரிவதும் உண்டு. கறுத்த தலைமுடியிலும் கோட்டின் மடிப்பிலும் விவரம் தேடுகிற வேலைக்கு அது இடைஞ்சல்.

ஆகவே ஐபிஎஸ். இருட்டறையில் மூலைகளில் லேசாக ஒளி கசிவது போல இருக்கும், அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம்.

படி 2: எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம்?

பணத்தைப் போட வேண்டிய இடம் இதுதான். எஸ்ஆர்ஜிபி என்பது ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் சேர்ந்து முன்வைத்த நிற எல்லை, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு. 1999-இல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. இணையத்தில் ஏற்றும் படம், வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம், பெரும்பாலான ஆல்பம் லேப்கள் கேட்கும் ஜேபெக் ஃபைல் எல்லாம் இன்றும் இந்த எல்லைக்குள்தான் ஓடுகின்றன. உங்கள் மானிட்டர் இந்த எல்லையை முழுதாகக் காட்டினால் போதும். ஸ்பெக்கில் எஸ்ஆர்ஜிபி 99% அல்லது 100% என்று இருக்க வேண்டும்.

இதில் சில கண்கட்டு வித்தைகள் உண்டு. முதலாவது, என்டிஎஸ்சி சதவீதம். அது 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த பழைய எல்லை, எஸ்ஆர்ஜிபியை விடப் பெரியது. அதனால் 72% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். 45% என்டிஎஸ்சி என்றால் அது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொட்டால் அதிகம். விலை குறைந்த லேப்டாப்கள் பல இந்த 45% ரகம்தான். அதில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று நீங்கள் சாச்சுரேஷனைக் கூட்டுவீர்கள். ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் தக்காளிப் பழமாகிவிடும்.

இரண்டாவது, 1.67 கோடி நிறங்கள் என்ற விளம்பரம். அது 8 பிட் கணக்கு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள், பெருக்கினால் 1,67,77,216. நிற எல்லைக்குள் எத்தனை படிகள் என்பதைத்தான் இது சொல்கிறது. எல்லை எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லவே இல்லை. 45% திரையும் இதே எண்ணைப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். அதில் 6 பிட் பேனலை எஃப்ஆர்சி என்ற உத்தியால் 8 பிட் போலக் காட்டும் மானிட்டர்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்து இரண்டு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி இடைப்பட்ட நிறத்தை உண்டாக்குவார்கள். அசல் 8 பிட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இந்த விலையில் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வானத்தின் மெல்லிய சாய்நிறங்களைத் தவிர வேறெங்கும் கண்ணுக்குத் தட்டாது.

மூன்றாவது, எஸ்ஆர்ஜிபி 120% என்று நூறைத் தாண்டும் எண். எல்லைக்கு வெளியேயும் நிறம் காட்டும் என்பது அதன் பொருள். எஸ்ஆர்ஜிபி மோடு என்று ஒன்று மெனுவில் இல்லாவிட்டால் இது தலைவலி. கலர் மேனேஜ்மென்ட் இல்லாத, அதாவது படத்தின் நிறத்தைத் திரையின் எல்லைக்கு ஏற்ப மாற்றிக் காட்டத் தெரியாத சாஃப்ட்வேரில் எல்லாப் படமும் திருவிழா ஃப்ளெக்ஸ் மாதிரி பளிச்சென்று தெரியும். எஸ்ஆர்ஜிபியை விட அகலமான அடோபி ஆர்ஜிபி என்ற நிற எல்லையில் 99% காட்டும் விலை உயர்ந்த மானிட்டர்கள், தாங்களே நல்ல பிரின்டர் வைத்து ஆர்ட் பேப்பரில் அச்சிடுபவர்களுக்கானவை. இப்போதைக்கு விடுங்கள்.

கூடவே டெல்டா ஈ 2-க்குக் கீழ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்ட நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு அது. எண் சிறியதாக இருப்பது நல்லது. அப்படிப்பட்ட மானிட்டர்களைத் தொழிற்சாலையிலேயே காலிபரேட் செய்து (நிறத்தை அளந்து சரிசெய்து), சில சமயம் அளந்த அறிக்கையையும் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள். காலிபரேஷன் கருவி வாங்காதவருக்கு இது பெரிய உதவி.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். ராணி பிங்க், அடர்சிவப்புப் பட்டு போன்றவை எஸ்ஆர்ஜிபி எல்லையையே தாண்டும் நிறங்கள். நல்ல மானிட்டரிலும் புடவையின் மடிப்புகள் மறைந்து ஒரே திட்டாகத் தெரிந்தால் படத்தின் சிவப்பு சேனல் அதன் உச்ச அளவில் முட்டிவிட்டது என்று பொருள். சிவப்பின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள், மடிப்பு திரும்பி வரும்.

படி 3: அளவும் ரெசல்யூஷனும்

24 இன்ச், ஃபுல் ஹெச்டி (1920×1080). பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1920×1200 கிடைத்தால் இன்னும் நல்லது. உயரம் கூடுதலாக இருப்பதால் லைட்ரூமின் பட வரிசையைக் கீழே வைத்துக்கொண்டும் படம் பெரிதாகத் தெரியும்.

27 இன்ச் வேண்டுமென்றால் 2560×1440 வாங்குங்கள். 27 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி வேண்டாம். ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும், 24 இன்ச்சில் அது 92; 27 இன்ச் 1440-இல் 109. பிக்சல் பெரிதாகத் தெரியும் திரையில் ஷார்ப்பனிங் எவ்வளவு போதும் என்று கணிப்பது கஷ்டம்.

24 மெகாபிக்சல் படம் 6000×4000. ஃபுல் ஹெச்டி திரையில் அதை நூறு சதவீதத்தில் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஒரே நேரத்தில் தெரியும். 4கே இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. வசதிதான். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் மட்டும் இருந்தால் 4கே நொடிக்கு 30 ஃபிரேமில்தான் ஓடும், மவுஸ் நகர்வதே எரிச்சலாக இருக்கும். அதே விலையில் மலிவான 4கே ஒன்றும் நிறம் சரியான 1440 ஒன்றும் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வளைந்த திரை வேண்டாம். மண்டபத் தூண் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் திரையே வளைந்திருந்தால் எப்படி? 144 ஹெர்ட்ஸ் விளையாடுபவர்களுக்கு. படத்துக்கு 60 போதும். உயரம் மாற்றும் ஸ்டாண்ட் இருந்தால் கழுத்துக்கு நல்லது.

படி 4: எதை வாங்குவது?

சில மாடல்களைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். டெல் பி2422ஹெச்: 24 இன்ச், ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி 99%. ஆசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி: 1920×1200, எஸ்ஆர்ஜிபி 100%, டெல்டா ஈ 2-க்குக் கீழ். இதன் 27 இன்ச் அண்ணன் பிஏ278கியூவி, 1440 ரெசல்யூஷன். பென்க்யூ பிடி2705கியூவும் அதே ரகம்தான். மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும், விலையும் அப்படியே. இவற்றின் ஸ்பெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடையில் இருப்பதை ஒப்பிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் ஐடி அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் அல்ட்ராஷார்ப் மானிட்டர்கள் செகண்ட் ஹேண்ட் விலையில் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் எல்இடி பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) உள்ளதா என்று கேளுங்கள். அதற்கு முந்தைய சிசிஎஃப்எல் விளக்கு உள்ளவை வயதானால் மங்கி, மஞ்சளடித்துப் போகும். வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுவதும் போட்டு நான்கு மூலையும் ஒரே வெள்ளையா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

கடைக்கு உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். ஒரு குளோஸ்-அப் முகம், ஒரு பட்டுப்புடவை, இருட்டில் எடுத்த ஒரு படம், வெறும் நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்று. இந்த நான்கும் போதும். சாம்பலில் ஒரு பக்கம் ரோஸாகவும் இன்னொரு பக்கம் பச்சையாகவும் தெரிந்தால் வேறு பீஸ் கேளுங்கள். பிக்சல் பழுதுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு உண்டு, ஒன்றிரண்டு புள்ளிக்குப் பலர் மாற்றித் தரமாட்டார்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரையில் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

படி 5: வீட்டுக்கு வந்ததும் பிரைட்னஸைக் குறையுங்கள்

திரையில் பளிச்சென்று இருந்த படம் லேப்பிலிருந்து கறுத்து வருகிறது என்று பலரும் லேப்காரரைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் குற்றவாளி மானிட்டரின் பிரைட்னஸ்தான். புது மானிட்டர்கள் கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வாக்கில் வைத்து வருகின்றன. அச்சுக்கான எடிட்டிங்குக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். அந்த 250-இல் பார்த்தால் இருண்ட படமும் வெளிச்சமாகத் தெரியும், நீங்கள் எக்ஸ்போஷரை ஏற்றவே மாட்டீர்கள்.

நிட்ஸை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், கேமராவே போதும். முழுத்திரையில் வெள்ளையைப் போடுங்கள். கேமராவை மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ 100, எஃப்/4, ஷட்டர் 1/50 என்று வையுங்கள். ஃபிரேம் முழுவதும் வெள்ளை நிரம்பும்படி நெருங்கி, ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து மீட்டரைப் பாருங்கள். மீட்டர் நடுவில் நின்றால் திரை ஏறக்குறைய 100 நிட்ஸ். ஷட்டர் எண்ணை இரண்டால் பெருக்கினால் நிட்ஸ் வந்துவிடும்: 1/60-இல் நடுவில் நின்றால் 120, 1/125 என்றால் 250. லென்ஸையும் கேமரா மீட்டரையும் பொறுத்துச் சற்று முன்னே பின்னே இருக்கும், அது பரவாயில்லை.

அடுத்து மெனுவில் கலர் டெம்பரேச்சர் 6500கே, காமா (நடுத்தர நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதன் அளவு) 2.2. எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். சில மானிட்டர்களில் அந்த மோடு பிரைட்னஸைப் பூட்டிவிடும், அப்போது யூசர் மோடில் கையால் வையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, நீல ஒளி வடிகட்டி, விண்டோஸின் நைட் லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஹெச்டிஎம்ஐயில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் மானிட்டரைக் குறை சொல்வதற்கு முன் கிராஃபிக்ஸ் கார்டு செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்ச் லிமிடெட் என்று இருக்கிறதா பாருங்கள். அதை ஃபுல் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிறகு இரண்டு மூன்று படங்களை எடிட் செய்து, கலர் கரெக்‌ஷன் போட வேண்டாம் என்று சொல்லி லேப்பில் சிறிய அளவில் பிரின்ட் எடுங்கள். அதை டியூப்லைட்டில் பார்க்காமல், பகலில் வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். பிரின்ட் இன்னும் கறுப்பாக இருந்தால் பிரைட்னஸை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

அறையையும் கவனியுங்கள். நம் வீட்டுச் சுவர்களில் ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று அடித்துவைத்திருப்போம். திரைக்குப் பின்னால் பச்சைச் சுவர் இருந்தால் கண் அதற்குப் பழகி, நீங்கள் படத்தில் ரோஸ் குறைப்பீர்கள். சுவரை மாற்ற முடியாவிட்டால் பின்னால் சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே திரையை வைக்காதீர்கள்.

படி 6: காலிபரேஷன் கருவி, பிறகு வாங்கலாம்

விண்டோஸிலும் மேக்கிலும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதி உண்டு. அது காமா எங்கேயாவது ரொம்பத் தவறியிருந்தால் கண்டுபிடிக்கத்தான் உதவும். உண்மையான அளவீட்டுக்கு டேட்டாகலர் ஸ்பைடர், காலிபிரைட் போன்ற கருவிகள் வேண்டும். விலை மானிட்டர் விலையில் பாதியைத் தொடலாம், அதனால் மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் பொருளை நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடுவது புத்திசாலித்தனம். கருவியுடன் வரும் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் பலருக்கு இடம் கொடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேகால் என்ற இலவச சாஃப்ட்வேரும் இருக்கிறது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகுதான் அளக்க வேண்டும். அளந்து கிடைக்கும் புரொஃபைல் (நிறத் திருத்தக் குறிப்பு ஃபைல்) அந்த ஒரு மானிட்டருக்கு மட்டும்தான். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கியோ இணையத்தில் இறக்கியோ போட்டால் உங்கள் திரை சரியாகாது.