டயல்ஸில் முதல் தரவு: இன்டெக்ஸிங்கில் நின்று நிதானியுங்கள்

வந்தாறுமூலையிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் மட்டக்களப்புக் கல்லடிக்கு என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கவலைதான்: "சேர், சிங்க்ரோட்ரான் இல்லாத நாட்டில் எக்ஸ்-கதிர்ப் பளிங்கியலைப் படித்து என்ன செய்வது?" பளிங்கில் எக்ஸ்-கதிர் பட்டுச் சிதறும் படத்தை எடுக்கத்தான் சிங்க்ரோட்ரான் போன்ற எக்ஸ்-கதிர் இயந்திரம் வேண்டும். எடுத்த படத்திலிருந்து எண்களைப் பிரித்தெடுக்க உங்கள் லப்டொப் போதும்.

செர்ன் நடத்தும் சினோடோ (Zenodo) தளத்தில் லைசோசைம் என்று தேடி, ஒரு டிஃப்ராக்‌ஷன் (எக்ஸ்-கதிர்ச் சிதறல்) படத்தொகுதியை இறக்குங்கள். பல ஜிபி வரும். இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். முட்டை வெள்ளைக்கருவில் உள்ள இந்தப் புரதத்தின் டெட்ராகனல் பளிங்குக்கு யுனிட் செல், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அடிப்படைப் பெட்டியின் பக்கங்கள், ஏறத்தாழ 79, 79, 38 ஆங்ஸ்ட்ரொம். விடை முன்கூட்டியே தெரியும் என்பதால்தான் பழக இதைச் சொல்கிறேன்.

டயல்ஸ் (DIALS) இந்தப் படங்களிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு போட்டு, கொண்டா என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவுங்கள். இம்போர்ட், ஃபைண்ட் ஸ்பொட்ஸ், இன்டெக்ஸ், ரிஃபைன், இன்டிகிரேட், சிமெட்ரி, ஸ்கேல் என்பது வரிசை. ஒவ்வொரு படியும் தன் பைல்களை எழுதி வைத்துவிடும். மாரி மழையில் கரண்ட் போனாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம்.

இம்போர்ட் முடிந்ததும் இமேஜ் வியூவரில் படங்களைப் புரட்டுங்கள். 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ரொமில் வளையம் தெரிந்தால் அது பனிக்கட்டி. அந்த வளையத்தில் விழும் புள்ளிகளை ஸ்பொட் தேடும்போதே விலக்கச் சொல்லலாம்.

ஸ்பொட் தேடி முடிந்தால் அடுத்தது இன்டெக்ஸ்: ஒவ்வொரு புள்ளிக்கும் பளிங்கின் அடுக்கில் அதற்குரிய முகவரி எண்களைக் கொடுப்பது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எத்தனை சதவீதப் புள்ளிகளுக்கு இன்டெக்ஸ் கிடைத்தது என்று அட்டவணை சொல்லும். அதோடு விடாமல் புள்ளிகளை முப்பரிமாணத்தில் காட்டும் ரெசிப்ரோக்கல் லட்டிஸ் வியூவரைத் திறந்து சுழற்றுங்கள். தென்னந்தோப்பில் ஓரிடத்தில் நின்றால் மரங்கள் சட்டென்று நேர்வரிசையாகத் தெரியுமே, அப்படி ஒரு கோணத்தில் புள்ளிகள் வரிசைகட்ட வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வரிசைத் தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் பளிங்கு ஒன்றல்ல. வரிசையே வராமல் வளைந்து கலைந்து கிடந்தால் முதலில் பீம் சென்டரை, அதாவது எக்ஸ்-கதிர் படமெடுக்கும் டிடெக்டரில் நேராக விழும் இடத்தை, சந்தேகியுங்கள். பிலாட்டஸ் டிடெக்டரில் ஒரு பிக்சல் 172 மைக்ரோமீட்டர். 1 மில்லிமீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 6 பிக்சல். புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தில் பாதியை அது தாண்டினால் எல்லா இன்டெக்ஸும் ஒன்று தள்ளிப் போய்விடும். மோசம் என்னவென்றால், யுனிட் செல் அப்போதும் சரியாகவே வரும்! சிமெட்ரி படியில் டெட்ராகனல் பளிங்குக்குரிய 4-மடிப்புச் சமச்சீர் கிடைக்காதபோதுதான் குட்டு வெளிப்படும். பீம் சென்டரைத் தேடித்தரும் கட்டளை டயல்ஸிலேயே உண்டு. அதை ஓட்டிவிட்டு மறுபடி இன்டெக்ஸ் செய்யுங்கள்.

ரிஃபைன் தானாகவே ஓடிவிடும். இன்டிகிரேட், அதாவது ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் அளப்பது, மெமரியை விழுங்கும். 8 ஜிபி ரேம் என்றால் ஒரே நேரத்தில் ஓடும் புரொசெஸ்களைக் குறையுங்கள்.

ஸ்கேல் முடிந்த பிறகு ஆர்-மெர்ஜை (ஒரே புள்ளியின் அளவீடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற எண்) மட்டும் பார்த்துத் தரவை வெட்டாதீர்கள். ஒரே ரிஃப்ளெக்‌ஷனை, அதாவது புள்ளியை, பல தடவை அளந்தால், தரவு நன்றாகும்போதும் அந்த எண் ஏறும். கார்ப்ளஸ், டீடரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் முன்வைத்த சிசி-ஹாஃப் நம்பகமானது: அளவீடுகளைக் குருட்டாம்போக்கில் இரண்டாகப் பிரித்து, பாதிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. அது 0.3 அளவுக்கு இறங்கும் இடத்தில் ரெசொலூஷனை, அதாவது தரவின் நுண்மை எல்லையை, நிறுத்தலாம்.