ஹார்ட்-லங் மிஷின் சர்க்யூட் ரத்தத்தை எவ்ளோ அடிக்குதுன்னு லேப்ல டெஸ்ட் பண்றது எப்படி

இதய ஆபரேஷன் நேரத்துல இதயம், நுரையீரல் வேலையை வெளிய இருந்து செய்யுற ஹார்ட்-லங் மிஷினோட பம்ப், ட்யூப் எல்லாம் சேர்ந்த பைபாஸ் சர்க்யூட்டை ரத்தத்துக்கு இதமா மாத்தணும்னு ப்ராஜெக்ட் எடுக்கிற பசங்க முக்காவாசி பேர் நேரா பம்ப்ல தான் கை வைக்கிறாங்க. இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுத்துற விசிறி) டிசைன், சிஎஃப்டி (ஓட்டத்தை கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது), கலர் கலரா படம். தப்புன்னு சொல்லல, ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல ரத்தம் அதிகமா அடிபடுறது பெரும்பாலும் சக்கர்லயும் (ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற குழாய்) காத்து படுற எடத்துலயும் தான், இந்த மிஷினை ஓட்டுற எந்த பெர்ஃப்யூஷனிஸ்ட்ட கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. நெஞ்சுக்குள்ள தேங்கின ரத்தத்தை காத்தோட சேர்த்து சர்ருன்னு உறிஞ்சும்போது சிவப்பணு உடையுது, அதோட அந்த ரத்தத்துல ஏற்கனவே உறைதல் ஆரம்பிச்சிருக்கும், கொழுப்பு வேற கலந்திருக்கும். 1953 மே 6ல ஜான் கிப்பன் இந்த மிஷினை வச்சு மொத வெற்றிகரமான ஆபரேஷன் பண்ணாரு, அதுக்கப்புறம் பல வருஷம் பபிள் ஆக்சிஜனேட்டர் ஓடுச்சு, ரத்தத்துக்குள்ள நேரடியா வாயுவை குமிழா விடுறது. நடுவுல மெம்ப்ரேன் (மெல்லிய சவ்வு) வந்து அந்த நேரடி தொடர்பை வெட்டினது தான் பெரிய முன்னேற்றம். அதனால உங்க ஐடியா எதுவா இருந்தாலும் மொதல்ல கேக்க வேண்டியது, இது ரத்தம் நெஜமாவே அடிபடுற எடத்தை தொடுதான்னு.

சரி, எடம் முடிவு பண்ணியாச்சு, பழைய சர்க்யூட்டை விட உங்களது நல்லதுன்னு காட்டணும். அதுக்கு லூப் டெஸ்ட், அதாவது ரத்தத்தை மூடின ட்யூப் வளையத்துல சுத்தி சுத்தி ஓட்டி எவ்ளோ உடையுதுன்னு பாக்குறது. ரத்த பம்புகளுக்குன்னு ஏஎஸ்டிஎம்ங்கிற தர அமைப்போட எஃப்1841னு ஒரு வழிமுறை இருக்கு, எல்லாரும் அதை அடிப்படையா வச்சு தான் பண்றாங்க: சுமார் 450 மி.லி ரத்தம், 37 டிகிரி, ஹீமாடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு) 30 சதவீதம், நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஃப்ளோ, 100 மி.மீ. பாதரச அழுத்தம், 6 மணி நேரம் ஓட்டம். உங்க சர்க்யூட் குழந்தைங்களுக்குன்னா இந்த ஃப்ளோவும் அழுத்தமும் பொருந்தாது, நெஜத்துல என்ன ஓட்டுவாங்களோ அதை வைங்க, ஆனா ஏன் மாத்துனீங்கன்னு எழுதி வைங்க.

ரத்தம் தான் இதுல பெரிய தலைவலி. மாடு இல்லன்னா பன்னி ரத்தம், எடுத்து 48 மணி நேரத்துக்குள்ள ஓட்டிடணும், நிறுவனத்தோட எத்திக்ஸ் அனுமதி முன்னாடியே கையில இருக்கணும். பெரிய ஊசில, இழுக்காம தானா வடியவிட்டு எடுத்த ரத்தம் தான் நல்லது. வெட்டுற எடத்துல பிடிச்சுட்டு வர்ற ரத்தம் பல நேரம் வரும்போதே உடைஞ்சு தான் வரும், லூப்ல ஊத்துறதுக்கு முன்னாடியே ஒரு சாம்பிளை சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி பாருங்க, பிளாஸ்மா ரோஸ் கலர்ல தெரிஞ்சா அந்த பையை ஒதுக்கிடுங்க, பரவால்லன்னு ஓட்டினீங்கன்னா அன்னைக்கு வர்ற எந்த நம்பரையும் நம்ப முடியாது.

இப்ப முக்கியமான விஷயம். ஒரு மிருகத்தோட ரத்தம் சுலபமா உடையும், இன்னொன்னு கெட்டியா நிக்கும், இந்த வித்தியாசம் உங்க டிசைன் வித்தியாசத்தை விட பெருசா கூட இருக்கும். அதனால திங்கக்கிழமை பழைய சர்க்யூட், புதன்கிழமை புது சர்க்யூட்னு தனித்தனியா ஓட்டி கம்பேர் பண்ணாதீங்க. ஒரே மிருகத்தோட ரத்தத்தை ரெண்டா பிரிச்சு, ரெண்டு லூப்பையும் பக்கத்து பக்கத்துல ஒரே நேரத்துல ஓட்டுங்க, அடுத்த தடவை எடத்தை மாத்தி போடுங்க. அதே ரத்தத்துல கொஞ்சம் ஒரு பாத்திரத்துல ஊத்தி 37 டிகிரில சும்மா வைங்க, அது எவ்ளோ உடையுதோ அது பம்பு மேல போடக்கூடாத பழி. குறைஞ்சது அஞ்சாறு மிருகங்க ரத்தத்துலயாவது இதையே திரும்ப பண்ணணும், ஒரு தடவை நல்லா வந்துச்சுன்னு போஸ்டர் அடிக்க கிளம்பிடாதீங்க.

ஹீமாடோக்ரிட் சரி பண்ண சலைன் ஊத்துறப்போ ரெண்டு லூப்புக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்துல கலந்து அப்புறம் பிரிங்க, ஏன்னா பிளாஸ்மா புரதம் கம்மியானா சிவப்பணு சீக்கிரம் உடையும், ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமா ஊத்திட்டாலே ரிசல்ட் சாஞ்சிடும். லூப்ல குமிழ் ஒண்ணு கூட இருக்கக்கூடாது, ரிசர்வாயருக்கு சாஃப்ட் பை போடுங்க. பம்புக்கு உள்ள போற ட்யூப்ல அழுத்தத்தை அளந்து பாருங்க, ட்யூப் மடங்கி அங்க நெகட்டிவ் ஏறினா உடையுற ரத்தத்துக்கு டிசைனை திட்டி பிரயோஜனம் இல்ல. ரோலர் பம்ப்னா அக்லூஷன் (உருளை ட்யூப்பை எவ்ளோ இறுக்கமா அழுத்துதுங்கிறது) செட்டிங்: அவுட்லெட் ட்யூப்பை சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு தூக்கி பிடிச்சு திரவ மட்டம் நிமிஷத்துக்கு ஒரு செ.மீ அளவுக்கு மெதுவா இறங்குற மாதிரி வைக்கிறது வழக்கம். ரொம்ப இறுக்கினா நசுங்கும், ரொம்ப தளர்த்தினா இடுக்கு வழியா ரத்தம் பின்னாடி பீச்சும், ரெண்டுமே சேதம் தான்.

சாம்பிள் ஆரம்பத்துல ஒண்ணு, அப்புறம் மணிக்கு ஒண்ணு. போர்ட்ல தேங்கின முதல் ஒரு மி.லியை கீழ ஊத்திட்டு அடுத்ததை மெதுவா எடுங்க, சிரிஞ்சை வேகமா இழுத்தா நீங்களே உடைச்சிடுவீங்க. ரெண்டு தடவை சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி பிளாஸ்மாவுல ஃப்ரீ ஹீமோகுளோபின் (உடைஞ்ச சிவப்பணுல இருந்து வெளிய வந்தது) அளக்கணும். அதை அளக்கிற ட்ராப்கின் முறைல சயனைடு இருக்கு, ஜாக்கிரதை, கழிவை சிங்க்ல ஊத்தக்கூடாது. எனக்கு ஹார்போ முறை தான் புடிக்கும், 380, 415, 450 நானோமீட்டர்ல படிச்சா போதும், பிளாஸ்மா கொஞ்சம் கலங்கலா இருந்தாலும் சமாளிச்சுக்கும்.

கணக்குக்கு வருவோம். ஃப்ரீ ஹீமோகுளோபின் எவ்ளோ ஏறுச்சுன்னு அப்படியே சொன்னா பத்தாது, ரத்த அளவும் ஃப்ளோவும் மாறினா அதுவும் மாறும், அதனால தான் என்ஐஎச்னு (நார்மலைஸ்டு இண்டெக்ஸ் ஆஃப் ஹீமோலிசிஸ்) ஒரு இண்டெக்ஸ், 100 லிட்டர் பம்ப் பண்ணா எத்தனை கிராம் ஹீமோகுளோபின் வெளிய வந்துச்சுன்னு. உதாரணத்துக்கு 6 மணி நேரத்துல டெசிலிட்டருக்கு 20 மி.கி ஏறிருக்குன்னு வைங்க, அதாவது லிட்டருக்கு 0.2 கிராம். 0.45 லிட்டர் ரத்தத்துல 70 சதவீதம் பிளாஸ்மா, பெருக்கினா 0.063 கிராம். ஓடினது 5 இன்டு 360, 1800 லிட்டர். 100 லிட்டருக்கு 0.0035 கிராம், அவ்ளோ தான்.

கம்ப்யூட்டர்லயும் போட்டு பாக்கணும்னா கியர்சீபன் 1990ல கொடுத்த பவர் லா ஃபார்முலா தான் ரொம்ப பேர் எடுக்கிறது. அதுல ஷியர் ஸ்ட்ரெஸ்ஸோட (ஓட்டம் சிவப்பணுவை உராய்ஞ்சு இழுக்கிற விசை) அடுக்கு 2.416, நேரத்தோட அடுக்கு 0.785. ஷியர் ரெண்டு மடங்கானா சேதம் அஞ்சு மடங்குக்கு மேல, நேரம் ரெண்டு மடங்கானா ரெண்டு மடங்கு கூட ஆகாது. அதனால சராசரி ஷியரை குறைச்சுட்டேன்னு சந்தோஷப்படாம, எங்கயோ ஒரு கூர்மையான கனெக்டர் ஓரத்துல நிக்கிற உச்சத்தை தேடுங்க. இந்த ஃபார்முலா நெஜத்தை விட அதிகமா காட்டும், ரெண்டு டிசைனை ஒப்பிட மட்டும் வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடையுறது) கம்மின்னா ரத்தத்துக்கு நல்லதுன்னு அர்த்தம் ஆகிடாது. சிவப்பணு உடைய சுமார் 150 பாஸ்கல் வேணும்னு பழைய ஆராய்ச்சி சொல்லுது, ஆனா ரத்தம் உறைய உதவுற வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்ங்கிற புரதம் அதுக்கு ரொம்ப கீழயே நீண்டு அறுந்துடும், பிளேட்லெட்டும் முன்னாடியே உசுப்பேறிடும், அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு ரத்தக்கசிவு. சர்க்யூட் உள்பக்கம் போடுற கோட்டிங்கை டெஸ்ட் பண்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஹெப்பாரின் (ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து) கோட்டிங்கோ வேற பாலிமரோ, லூப்ல ஹெப்பாரினை தாராளமா ஊத்திட்டா கோட்டிங் போட்டது போடாதது ரெண்டும் ஒண்ணா தான் தெரியும். புதுசா எடுத்த மனுஷ ரத்தம், கம்மி ஹெப்பாரின், குறைஞ்ச நேரம்னு தனி டெஸ்ட் வைங்க. மாட்டு ரத்தத்தை மனுஷ ரத்தத்துக்குன்னு செஞ்ச எலைசா (புரதத்தை அளக்கிற டெஸ்ட்) கிட்ல போட்டுட்டு காம்ப்ளிமென்ட் (உடம்போட எதிர்ப்பு சக்தி புரதங்கள்) ஏறவே இல்லன்னு எழுதாதீங்க, கிட் அதை அடையாளமே கண்டிருக்காது.

லேப்ல ஜெயிச்சது பேஷன்ட்கிட்ட ஜெயிக்கும்னும் எழுதிடாதீங்க. ஃப்ரீ ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை பிடிச்சுக்கும், அதனால ரத்தக்குழாய் சுருங்கும், கிட்னி அடிவாங்கும்னு நல்ல லாஜிக் இருக்கு, அதை வச்சு ஆக்சிஜனேட்டர் வழியாவே நைட்ரிக் ஆக்சைடு கொடுத்து ரெண்டு வயசுக்கு கீழ ஆயிரத்துக்கும் மேல குழந்தைங்ககிட்ட பாத்தாங்க. 2022ல ரிசல்ட் வந்துச்சு, வென்டிலேட்டர் இல்லாம இருந்த நாள் கணக்குல சொல்லிக்கிற வித்தியாசம் இல்ல. அதனால ரிப்போர்ட்ல ‘நோயாளிக்கு பாதுகாப்பானது’ங்கிற வார்த்தை வேண்டாம். எந்த ரத்தம், என்ன ஹீமாடோக்ரிட், எவ்ளோ ஹெப்பாரின், எந்த ஃப்ளோ, சும்மா வச்ச பாத்திரத்துல எவ்ளோ ஏறுச்சு, எத்தனை ஜோடி ஓட்டுனீங்க, எதை தூக்கி போட்டீங்க, ஏன் போட்டீங்க, இதெல்லாம் ஒண்ணு விடாம எழுதுங்க, சராசரியை மட்டும் போடாம ஒவ்வொரு ஜோடியோட நம்பரையும் தனியா போடுங்க.